இடது பக்கத்து நான்கு தொட்டிகள்

ஜூலை 7, ஞாயிறு

நேற்று லூர்துவை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். புனேயில் மகள் ஷீபாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். லூர்து திரும்பி வர அக்டோபர் ஆகும். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் ரயில் கிளம்புகிற நேரத்தில் புருஷனிடம் ஏதாவது சொல்வாள் என்று ஜன்னலோரம் நின்றேன். "பீஸ் லில்லிக்குக் குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திராதீங்க" என்றாள். நல்லது, மகராசி.

இந்த டைரியும் அவள் உத்தரவுதான். தினமும் எதற்கு எவ்வளவு தண்ணீர், எந்த இலை எப்படி இருக்கிறது என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை போனில் படித்துக் காட்ட வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் நான். ட்ரிப் ஷீட்டைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை.

பால்கனியில் பதினைந்து தொட்டி. கதவைத் திறந்தால் எதிரே இரும்பு ஸ்டாண்டில் பதினொன்று. இடது மூலையில் ஸ்டாண்டு மடங்கிப் பக்கச் சுவரோடு போகும், அதில் நான்கு. வலது கோடியில் குழாய். எல்லாம் வெயில் அதிகம் வேண்டாத, வீட்டுக்குள் வளர்க்கிற ஜாதி. பாலக்கரையில் இந்த அபார்ட்மென்ட் முழுக்க லூர்துவுக்கு இலை டாக்டர் என்று பெயர். ஆளாளுக்கு ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இவளும் திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து வியாதியைச் சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு மக் ஊற்றினேன். இலைகள் பச்சையாக இருக்கின்றன.

ஜூலை 9, செவ்வாய்

காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு ஷெட்டுக்குப் போய், இரண்டு ட்ரிப் அடித்து, மதியம் கேஜி பிள்ளைகளை விட்டு, சாயங்காலம் மறுபடி இரண்டு ட்ரிப். வீட்டுக்கு வந்தால் சோறும் நான்தான் வடிக்க வேண்டும். அதற்கு மேல் செடி.

மணி பிளான்ட்டில் கீழ் இலை மூன்று மஞ்சளாகிவிட்டது. போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தினமும் ஊத்துனீங்களா?"

"நீதானே தினமும் எழுதச் சொன்ன."

"எழுதத்தாங்க சொன்னேன், ஊத்தவா சொன்னேன்? கீழ் இலை மஞ்சளானா வேருக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா கிட்டவே போகாதீங்க."

விரலை விட்டேன். களிமண் சேறு.

ஜூலை 12, வெள்ளி

கீழ்வீட்டு ரஹமத் பேகம் ஒரு இலையை பாலிதீன் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். "அண்ணே, அக்கா இல்லன்னு தெரியும். இந்த ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது."

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இலை இலையாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினால் அங்கிருந்து லூர்து சொல்கிறாள், பின்பக்கம் நடு நரம்பு ஓரமாகப் பழுப்பாக, மொச்சைத் தோல் துணுக்கு மாதிரி வரிசையாக இருக்கிறதே, அது செதில் பூச்சியாம். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கணுமாம்.

"ஆமாண்ணே, இங்க பாருங்க, எத்தன இருக்கு" என்று ரஹமத் பேகம் விரல் வைத்துக் காட்டினார். "ஆமாமா" என்றேன். மாடியில் விளக்கு வெளிச்சம் போதவில்லை. பல்பை மாற்ற வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

லூர்துவிடம் படித்துக் காட்டினேன். பல்பு வரை எல்லாம் கேட்டாள். "அது போன மாசம் மாத்தின பல்புங்க" என்றாள். எனக்கு ஞாபகமில்லை.

பீஸ் லில்லியில் இலை நுனி மட்டும் கருகியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் போடுகிற மருந்துதான் காரணம். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து ஊற்றணும். இது அவள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். சிரித்தாள்.

ஜூலை 18, வியாழன்

பதினைந்துக்கும் ஊற்றினேன். முதுகு விட்டுப்போச்சு.

ஜூலை 21, ஞாயிறு

சண்டை.

இடது பக்கத்து நான்கையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

"சிங்கோனியம் விளிம்பெல்லாம் கருகி உள்பக்கமா சுருண்டிருக்கு. தொட்டா நொறுங்குமே, தொட்டுப் பாருங்க. இது தண்ணி பாத்து பத்து நாளாச்சுங்க."

"ஊத்துறேன் லூர்து. சத்தியமா ஊத்துறேன்."

"மூலைல இருக்குன்னு விட்டுட்டீங்களா?"

"நான் என்ன பொய்யா எழுதுறேன்?"

"நீங்க எழுதுறது ஒண்ணு, இலை சொல்றது ஒண்ணா இருக்கே."

போனை வைத்துவிட்டேன். முதல் வாரம் அந்தப் பக்கம் போனேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அசதியில் விட்டிருப்பேன். ஆனால் இந்த வாரம் மூன்று நாள் என் கையால் மூன்று மக் ஊற்றியிருக்கிறேன். பெற்ற தாய்க்குக்கூட இப்படிச் செய்ததில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ நூறு. இருவரும் நலம். ஷெட்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். இன்று செடிக்கு லீவு.

ஜூலை 24, புதன்

பள்ளிக்கூட கேட்டில் திரும்பும்போது இடது கண்ணாடி தூணில் உரசி உடைந்துவிட்டது. போன மாதம் பம்பர். கேட்டை யாரோ முழுசாகத் திறக்காமல் விட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் குணசீலன் சார், "என்னண்ணே, தாத்தாவான குஷியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பஸ் ஆயா சகுந்தலாவுக்கு இந்த வருஷம் என்ன வந்ததோ. ஒன்பது வருஷம் என்னோடு ஓடுகிறவள். முன்பெல்லாம் படியில் நின்றபடியே பிள்ளைகளை இறக்கிவிடுவாள். இப்போது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தானே கீழே குதித்து, முன் சக்கரத்தின் பக்கம் போய் நின்று, பஸ்ஸை இரண்டு தடவை தட்டின பிறகுதான் ஏறுகிறாள். ஒரு ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகிறது. சொன்னால், "அவசரப்பட்டு எங்க போகப்போறோம்ணே" என்கிறாள்.

ஜூலை 26, வெள்ளி

டிரைவர்களுக்கு வருஷாந்தரக் கண் முகாம். பள்ளிக்கூட ஹாலில். ஆறு வருஷமாக அதே அட்டை, ஒரு மூலை கிழிந்தது. மேலிருந்து கீழ் வரை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு டீக்கடையில் வைத்து ஒப்பிக்கச் சொல்லிக்கொடுப்போம். கடைசி வரி ட, ந, ப, ர, ய.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் படிக்கச் சொன்னபோது ஹாலில் வெளிச்சம் சரியில்லை. இருந்தாலும் ஒரு எழுத்து தப்பாமல் சொன்னேன். ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதைப் படிக்க வேண்டியதில்லை. செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ரஹமத் பேகம் காலையிலேயே வந்துவிட்டார். பாவம், கோபமாகக்கூடப் பேசவில்லை. "அண்ணே, கொடில போட்ட துணியெல்லாம் சேத்துத் தண்ணியா ஆயிடுச்சு. இந்த வாரத்துல மூணாவது வாட்டி. ஓட்டை வாளி ஏதும் இருக்கான்னு பாருங்க." வாளி நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டியின் அடி ஓட்டை வழியாக வழியும்போல. மன்னிப்புக் கேட்டேன்.

லூர்துவுக்கு ஸ்டாண்டு முழுவதையும் ஒரே போட்டோவாக எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் பதிலே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு போன் செய்தாள்.

"வலது பக்கம் பூரா கீழ் இலை மஞ்சள். அது அளவுக்கு மீறி ஊத்துனது. நடுவுல நல்லா இருக்கு. இடது பக்கம் நாலும் காஞ்சு கருகிப்போச்சு. பூச்சின்னா இப்படி வராதுங்க, அது பக்கத்துத் தொட்டிக்குத் தாவும். வெயில்னா சுவத்தோர மூலைல எங்க வெயில்? மண்ணுன்னா எல்லாத்துக்கும் ஒரே மண்ணு, நாந்தான் கலந்தேன்."

"அப்ப என்னங்கிற?"

"தெரியல" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பேத்தி அழுகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தலைவலி. தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

மதிய ட்ரிப். சுப்பிரமணியபுரம் ஸ்டாப்பில் யுகேஜி படிக்கிற மிதுனா இறங்கினாள். இன்றைக்குப் பார்த்து பின்சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. சகுந்தலா மிதுனாவைப் படியில் இறக்கிவிட்டு, கீழே குதிக்காமல் பின்னால் ஓடினாள். எதிரே ரோடு காலியாக இருந்தது. புதிதாக மாட்டின இடது கண்ணாடியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். கியர் போட்டு க்ளட்சை விட்டேன்.

சகுந்தலா போட்ட கத்தலில் காலே தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. மிதுனாவின் தண்ணீர் பாட்டில் முன் சக்கரத்துக்கு அருகில் உருண்டிருக்கிறது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள் என்று சகுந்தலா சொன்னாள். அந்த டாட்டாவையும் நான் பார்க்கவில்லை.

"கண்ணாடி அழுக்கா இருந்துச்சு" என்றேன். சகுந்தலா வாந்தியைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஷெட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

லூர்து வீடியோவில் வந்தாள். டைரியைப் படிக்க எடுத்தேன். "அது கிடக்கட்டும். செல்போன ஜன்னல் கம்பில சாச்சு வச்சுட்டு, இடது பக்கத்து நாலுக்கும் தண்ணி ஊத்துங்க, பாப்போம்" என்றாள்.

என்னைச் சோதிக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. மக்கை எடுத்துக்கொண்டு போய், அவள் கண் முன்னாலேயே சிங்கோனியத்துக்கு முழு மக் ஊற்றினேன். அடுத்ததுக்கு ஊற்றினேன். மூன்றாவதுக்குப் போனபோது, "நிறுத்துங்க" என்றாள்.

"என்ன?"

"குனிஞ்சு தொட்டி மண்ணத் தொடுங்க."

தொட்டேன். காய்ந்த மண். தொட்டிக்குக் கீழே என் கால் நனைந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

"தொட்டிக்கு வெளிய ஊத்துறீங்க" என்றாள். "ரெண்டு விரக்கடை தள்ளி. ரெண்டு தடவையும்."

கீழே ரஹமத் பேகம் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கதவுகிட்ட போய் நில்லுங்க. எதிர்ல நடுத் தொட்டிய மட்டும் பாருங்க. தலையத் திருப்பக் கூடாது. எத்தன தொட்டி தெரியுது?"

"ஏழு."

"வலது கண்ணப் பொத்திக்கங்க. இப்ப?"

முகாமில் ஒப்பித்த மாதிரி ஒரு எண்ணைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவளிடம் அட்டை எதுவும் இல்லை, எனக்கு மனப்பாடமும் இல்லை. பனிமூட்டத்தில் ரோடு இருக்கிற மாதிரி இருந்தது. கையைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"தெரியலடி."

அந்தப் பக்கம் லூர்து முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "ஒரு வாரமா எந்தப் பூச்சி, என்ன சீக்குன்னு மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "செடிக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான்."

பிறகு கேட்டாள், "இன்னுமா பஸ்ஸ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?"

நான் வெள்ளிக்கிழமை எழுதினதைப் படித்தேன். கண் முகாமையும் படித்தேன். பயமாக இருந்தது, படித்தேன். முடித்தபோது, "நாளைக்குப் போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

போனேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும், ஆனாலும் போனேன். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம். பஸ் ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருபதில் ஓட்டினேன். பெரிய பிள்ளைகள் பின்னாலிருந்து "அங்கிள், நடந்தே போயிரலாம்" என்று கத்தினார்கள்.

சாயங்கால ட்ரிப் முடிந்து ஷெட்டில் சகுந்தலா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நிறுத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "சகுந்தலா, எனக்கு இடது பக்கம் சரியாத் தெரியல" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மார்ச்லேர்ந்து. நான் படில நின்னு கை காட்டுறேன், நீங்க பாக்கவே இல்ல. அடுத்த நாளும் பாக்கல. அதுக்கப்புறம்தான் கீழ குதிச்சு நிக்க ஆரம்பிச்சேன். நான் தட்டினாத்தானே எடுப்பீங்க."

"ஏம்மா சொல்லல?"

"பொண்ணு மாசமா இருக்கு, வேல போச்சுன்னா என்ன பண்ணுவாருன்னு நினைச்சேன். பேறு முடியட்டும்னு பாத்தேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலண்ணே. நான் பின்னாடி போனேன்ல, அது என் தப்பு."

"உன் தப்பில்ல."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். "நாளைக்கு நான் லீவு. அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, மணப்பாறைல. எனக்குப் பதிலா வேற பொண்ண அனுப்புறாங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நேராகக் குணசீலன் சாரிடம் போனேன். சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தார். "கேம்ப்ல ஃபிட்னு போட்டிருக்காங்களேண்ணே. இப்ப போய் வேற ஆளுக்கு நான் எங்க போறது? காலாண்டு வரைக்கும் சமாளிச்சு ஓட்டுங்க. லீவுல பாத்துக்கலாம்."

அவர் மேஜையில் நான் வைத்த பஸ் சாவி அங்கேயேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றியது. கேட்டவர்களுக்கு இன்சார்ஜே சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சார், அந்த அட்டைய நான் மனப்பாடமா ஒப்பிச்சேன். நாங்க எல்லாருமே அப்படித்தான்" என்றேன். "வெள்ளிக்கிழமை ஒரு கொழந்த மேல ஏத்தியிருப்பேன். எழுதிக் குடுக்கணும்னா எழுதிக் குடுக்கிறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினோம் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. நல்ல வார்த்தை எதுவும் இல்லை. நாளைக்கு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டிரைவரை வரவழைப்பதாகக் கடைசியில் சொன்னார். சாவியை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தணும். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டேன். பாதி முடிந்துவிட்டது என்றார் அந்த நர்ஸம்மா.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துபோயிருக்கிறது. வலிக்காதாம், அதனால்தான் பாதிப்பேருக்குத் தெரிவதில்லையாம். இடது கண் ஏறத்தாழப் போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரம் போக ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். "ஐயா என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நேத்து வரைக்கும் டிரைவர்" என்றேன்.

லூர்துவிடம் சொன்னேன். கிளம்பி வருகிறேன் என்றாள். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு வராதே என்று திட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். அதை எழுதுவதில் ஒன்றும் வெட்கமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. போக இடமில்லை. உட்கார முடியவில்லை. ஏழு மணிக்கு சுப்பிரமணியபுரம் ஸ்டாப்புக்கு நடந்து போனேன். புது டிரைவருக்கு அந்த இடத்தில் பள்ளம் இருப்பது தெரியாது, சொல்லிவிட்டு வரலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மிதுனாவின் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்னண்ணே, நேத்து வேற ஒருத்தர் வந்தாரு? உடம்பு சரியில்லையா? நீங்க ஓட்டுனா நான் பயப்படாம அனுப்புவேன். அவங்கப்பாகிட்டகூட சொல்லுவேன், இந்த டிரைவரண்ணன் ரொம்ப நிதானம்னு."

அதைக் கேட்டு நிற்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "பாப்பா எங்கம்மா, இன்னைக்கு ஸ்கூலுக்கு வரலையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "விளையாடாதீங்கண்ணே."

நான் அவரையே பார்த்தேன்.

"உங்க பக்கத்துலதானே நிக்கிறா. அப்பலேர்ந்து உங்களப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டு இருக்கா."

தலையை முழுசாகத் திருப்பிக் குனிந்து பார்த்தேன். மிதுனா என் இடது கைக்குக் கீழே நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒளிந்து விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "அங்கிள் என்னக் கண்டுபிடிக்கவே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாள்.

"ஆமாப்பா, கண்டுபிடிக்கல" என்றேன். பிறகு அவள் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாட்டில் உருண்டது, அவள் குனிந்தது, நான் க்ளட்சை விட்டது, சகுந்தலா கத்தினது, எதையும் விடவில்லை. கண் முகாமில் பொய் சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது. ஒரு கட்டத்தில் எட்டி மிதுனாவை என் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பஸ் வந்தது. பள்ளத்தை நான் சொல்வதற்கு முன்னாலேயே புது டிரைவர் ஒதுக்கி நிறுத்தினார். மிதுனாவைத் தூக்கிப் படியில் விட்டு, பஸ் கிளம்பித் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் என்னிடம், "எத்தன நாளா தெரியாம இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன். யோசித்துப் பார்த்தேன், அதுதான் உண்மை.

அவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, ரோட்டைக் கடக்க வந்த ஒரு காய்கறிக்காரம்மாவிடம், "என்னையும் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போம்மா" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.